கருங்குடையில் சிவப்பு மை

"மூணு வருஷம் ஆச்சும்மா. இன்னும் ஒரு ஆளைக்கூடத் தனியாப் பாக்க விட மாட்டேங்கியளே."

கேட்டவர் தாணுலிங்கம். சீடர். வயது அறுபத்தொன்று.

பதில் சொல்ல வேண்டியவர் உலகம்மை. உப்பளத்தை ஒட்டிய அந்த ஊருக்கு வைத்தியர். வயது முப்பத்தெட்டு.

குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

தாணுலிங்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனப்பாடத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நோய்க்குறிகள் அத்தனையும் தலைகீழாகச் சொல்வார். தோல் சிவப்பதற்கு மட்டும் பதினேழு காரணம் வைத்திருந்தார். சட்டைப் பையில் இன்றைக்கும் ஒரு சிவப்பு மைப் பேனா. யார் தப்பையாவது திருத்த வேண்டியிருந்தால் என்ன செய்வது?

உலகம்மை கொஞ்சம் யோசித்தார்.

"சரி அண்ணாச்சி. அடுத்து வாற ஆளு உங்களுக்கு."

சொல்லிவிட்டு அடுப்பில் கஷாயம் பார்க்க உள்ளே போனார்.

அடுத்து வந்தவள் சந்தனமாரி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

மூன்று நாளைக்கு முன்னால் உப்பு வாரும் பலகை காலில் கீறிவிட்டது என்றாள். நேற்றிலிருந்து முழங்காலுக்குக் கீழே தீயாகக் காந்துகிறது, ராத்திரி குளிரில் உடம்பு உதறிவிட்டது என்றாள்.

தாணுலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். நாள் முழுக்க உப்புப் பாத்தியில் நிற்கிறவர்களின் கால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கன்னங்கரேலென்ற தோல், அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஓரிடம் விடாமல் பார்த்தார். சிவப்பு இல்லை.

"காந்துதுய்யா."

"செவக்கலியே."

"துணி பட்டாக்கூட உயிர் போவுது."

"சீழ் வைக்கதா இருந்தா செவந்திருக்கும் தாயீ. இது நின்ன அசதி."

தடவிக்கொள்ள எண்ணெய் கொடுத்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சந்தனமாரி எழுந்து போனாள். வீட்டுக்குப் போகவில்லை, வேலைக்குப் போனாள்.

பதினேழு காரணத்தில் ஒன்றைக்கூடச் சொல்ல வாய்க்கவில்லையே என்று தாணுலிங்கத்துக்கு ஒரு குறை.

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யார் வந்தது, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தாணுலிங்கம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"காலைக் கழுவச் சொன்னியளா?"

"இல்ல."

"தொட்டுப் பாத்தியளா?"

"எதுக்கும்மா? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். செவப்பு இல்ல."

உலகம்மை அவருடைய சட்டைப் பையைக் காட்டினார். பேனாவை எடுக்கச் சொன்னார். மூலையில் சாத்தியிருந்த தாணுலிங்கத்தின் கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்தார்.

"இந்தத் துணியில ஒரு கோடு போடுங்க."

நல்ல குடையைக் கெடுக்கிறோமே என்று தாணுலிங்கத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் போட்டார்.

"தெரியுதா?"

வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல."

"அப்ப நீங்க கோடு போடலியா?"

"போட்டேனே."

போட்ட இடத்தை விரலால் தடவினார். ஈரமாக இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தார். நுனி சிவந்திருந்தது.

குடையை அங்கேயே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"வண்டிக்கு நான் சொல்லுதேன். நீங்க போங்க" என்று பின்னாலிருந்து உலகம்மையின் குரல் கேட்டது.

உச்சி வெயில். சந்தனமாரி ஓலை மூடிய ஓர் உப்புக் குவியலின் நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியவில்லை என்றாள்.

தாணுலிங்கம் குடிதண்ணீர் வாங்கி அவளுடைய இரண்டு கால்களையும் கழுவினார். பெரிய வாத்தியார் தன் காலைத் தொடுவதா என்று அவள் இழுத்துக்கொண்டாள். வேலைக்காரர்கள் உப்பு வாரும் பலகையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் விடவில்லை. தன் துண்டால் ஒற்றி எடுத்தார். வெயில் சூடு அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு புறங்கையை வைத்தார்.

இடது கால் பானைத் தண்ணீர் போல இருந்தது. வலது கால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி.

கண்ணைத் திறந்து பார்த்தார். கழுவிய பிறகும் சிவப்பு தெரியவில்லை. வலது கால் இடதைவிடக் கொஞ்சம் கூடக் கறுத்து, தோல் விம்மிப் பளபளத்தது. அவ்வளவுதான்.

அவருக்குப் பயம் வந்தது. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

பேனாவை எடுத்தார். உடனே பைக்குள் திரும்பப் போட்டார். பக்கத்தில் நின்றவரிடம் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கினார். சூடு எந்த இடத்தில் முடிகிறது என்று தடவித் தடவிக் காலைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டார். மணி பன்னிரண்டரை.

வண்டி வந்து சேர ஒன்றரை ஆனது. மறுபடி புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை மேலே போயிருந்தது.

தாணுலிங்கமும் வண்டியில் ஏறிக்கொண்டார். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எத்தனை மணிக்குப் போட்டது என்று மட்டும் கேட்டார். சொன்னதும் சந்தனமாரியை உடனே உள்ளே கொண்டு போனார்கள்.

கால் பிழைத்தது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கால் போயிருக்கும், ஆளே போயிருக்கவும் கூடும் என்றார்கள்.

அதற்குப் பிறகு தாணுலிங்கம் தனியாகப் பார்க்க விடச் சொல்லிக் கேட்கவில்லை. மருந்து இடித்தார். சலித்தார். பதினேழு காரணத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பேனா பையில் இல்லை.

பதினாறாம் நாள் சந்தனமாரி நடந்தே வந்தாள். கையில் ஒரு பொட்டலம் கருவாடு.

"இவுகதான்ம்மா எங்காலைக் காப்பாத்துனது" என்று உலகம்மையிடம் சொன்னாள். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் தாணுலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு மருந்தைச் சலித்தார்.

"மாரி, அண்ணாச்சி முகத்தை நல்லாப் பாரு. ஏதாவது தெரியுதா?" என்றார் உலகம்மை.

சந்தனமாரி பார்த்தாள். தாணுலிங்கமும் அவளைப் போல நல்ல கறுப்பு.

"ஒண்ணும் தெரியலியேம்மா. எப்பவும் போலத்தான் இருக்காக."

"அண்ணாச்சி, புறங்கையை உங்க கன்னத்துல வைங்க."

சல்லடையைக் கீழே வைத்தார். புறங்கையைக் கன்னத்தில் வைத்தார்.

வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சுடுதும்மா" என்றார்.

உலகம்மை எழுந்தார்.

"அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கஷாயம் இறக்க உள்ளே போனார்.