பட்டியலில் ஒரு கோழி

மடைமாறிக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்த ஊரின் துன்பமெல்லாம் அதில்தான் ஆரம்பம்.

கொம்பையாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மனைவி தங்கபுஷ்பம் பிறந்த வீட்டுக்குப் போகும்போது, "வீட்டைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொம்பையா கட்டிலைத் தூக்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்து, இமை கொட்டாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆடுகள் உள்ளே போய் விதைநெல்லைத் தின்றதையும் பார்த்தான். திரும்பி வந்தவள் தலையில் கை வைத்தபோது, "வீடு இருந்த இடத்துலயே இருக்கு பாத்தியா" என்றான் பெருமையாக. ஊரும் அவன் பக்கம்தான் பேசியது.

அந்த வருஷம் ஊர்க் குளத்தில் கரை தளும்பத் தண்ணீர். மார்கழியில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கின. பறவைகளுக்குப் பின்னாலேயே சுகிர்தம் அம்மாளும் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் முகம் தெரியாத குரல்களைக் கேட்டே காலம் போயிற்று, இனிமேல் கண்ணாலும் எதையாவது பார்ப்போமே என்று பறவை பார்க்கக் கிளம்பியவர். கழுத்தில் பைனாகுலர், தலையில் துணித்தொப்பி, கையில் ஒரு அட்டை. அந்த அட்டையில் கிளிப் போட்டு ஒரு தாள்.

கொம்பையா வீட்டுப் பக்கத்து அறையில் தங்கினார். குளத்தைச் சுற்றிக் காட்டக் கொம்பையாவையும் அவன் கூட்டாளிகள் இருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டார். ஒருவர் உச்சிமாகாளி, எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்பதால் மூவருக்கும் அவர்தான் தலைவர். இன்னொருவன் நயினார்; என்ன ஏதென்று கேட்பதற்கு முன்பே "நான் செய்யுதேன்" என்பான்.

முதல் நாள் காலையில் கரையில் நின்று அம்மாள் சொன்னார்: "பெரிசா ஒண்ணும் இல்ல. மரத்தோட மரமா நிக்கணும். மூச்சு விடக் கூடாது. ஏதாவது பறவை கண்ணுல பட்டா உடனே சொல்லணும்."

நயினார் பூவரச இலைகளைக் காலிலிருந்து கழுத்துவரை கட்டிக்கொண்டு நின்றான். ஒரு வெள்ளாடு வந்து அவனை இடுப்புவரை மேய்ந்துவிட்டுப் போனது. விரட்டியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "எந்த மரம்மா ஆட்டை விரட்டும்?" என்றான்.

உச்சிமாகாளி மூச்சை அடக்கினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அப்படியே சாய்ந்து தொபீரென்று தண்ணீரில் விழுந்தார். குளத்திலிருந்த பறவைகள் மொத்தமும் எழும்பிப் போயின.

கொம்பையா மட்டும் கண்ணை அகல விரித்து மாலைவரை நின்றான். கண்ணிரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. "ஒண்ணுகூடக் கண்ணுல படலைம்மா. ஒரு கொக்கு நெத்திப் பக்கம்வரை வந்துச்சு. அப்புறம் என்ன நெனச்சுதோ, திரும்பிட்டு" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பார்கள். அம்மாளோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு எந்தப் பக்கம் உக்காரலாம்? நீங்க என்ன நினைக்கீங்க தம்பி?" என்று கொம்பையாவிடம் கேட்டார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று கொம்பையாவை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவன் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் நினைத்தான். பிறகு, "ஈரம் இல்லாத பக்கம்" என்றான்.

"நல்ல யோசனை" என்றார் அம்மாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்காகக் கொம்பையா எதையும் செய்வான் என்றாகிவிட்டது.

அன்று காப்பி குடிக்கும்போது அவர் அட்டையிலிருந்த தாளைக் காட்டினார். பார்க்க ஆசைப்பட்ட பறவைகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். பார்த்து முடித்தவற்றுக்குப் பக்கத்தில் டிக். வரித்தலை வாத்து, கரண்டிவாயன், பூநாரை ஆகிய மூன்று மட்டும் பாக்கி.

"இந்த மூணையும் பாத்துட்டா போதும் தம்பி. நிம்மதியா கண்ணை மூடிருவேன்."

கொம்பையா காப்பித் தம்ளரை அப்படியே கீழே வைத்தான். மதகடியில் உட்கார்ந்திருந்த கூட்டாளிகளிடம் ஓடினான்.

"ஆளு நல்லாத்தான இருக்காவ?" என்றார் உச்சிமாகாளி.

"நல்லாத்தான் இருக்காவ. ஆனா மூணு பறவைதான் பாக்கியாம். பாத்த உடனே போயிருவாவளாம். அவங்க வாயாலயே சொன்னாவ."

"எங்க தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. இது பறவை வியாதி போல" என்றான் நயினார்.

அம்மாளை எப்பாடுபட்டாவது காப்பாற்றுவது என்று முடிவானது.

ஆனால் மறுநாள் காலையிலேயே வரித்தலை வாத்துகள் கூட்டமாக வந்து எதிரில் இறங்கிவிட்டன. யாரும் எதுவும் செய்வதற்குள் அம்மாள் பார்த்து, டிக் போட்டுவிட்டார். அந்த வாத்துகளைப்போல மனசாட்சி இல்லாத பிறவிகளைக் கொம்பையா பார்த்ததில்லை.

அடுத்து கரண்டிவாயன். தட்டையான அலகைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டு வந்தது. "தம்பி, அங்க பாருங்க, கரண்டிவாயன்தானே?" என்று அம்மாள் பைனாகுலரைத் தூக்கினார்.

உச்சிமாகாளி குறுக்கே பாய்ந்து, "இல்லம்மா, அது சாதாக் கொக்கு. கரண்டியை எங்கிருந்தோ எடுத்துட்டு வந்திருக்கு" என்றார். நயினார் குளத்தில் இறங்கி, "வச்சிட்டுப் போ" என்று அதை அதட்டினான். அம்மாள் டிக் போட்டார்.

பாக்கி ஒன்று. மதகடியில் அவசரக் கூட்டம் கூடியது.

"பட்டியல் முடிஞ்சாத்தான போவாவ? முடியாம நாம பாத்துக்கிட்டா?" என்றான் கொம்பையா. "இன்னொரு பேரைச் சேத்திருவோம்."

உச்சிமாகாளிக்கு இது தனக்குத் தோன்றாமல் போனதே என்று வருத்தம். "யோசனை சரிதான். எந்தப் பேரை?"

"கழுகு" என்றான் நயினார்.

"கழுகு அதுபாட்டுக்கு வந்து நின்னுட்டா? நீ போய்த் தடுப்பியா வே? நம்ம சொல்லுக்குக் கட்டுப்படுற பறவையா இருக்கணும்."

"அப்ப கோழி."

"கோழி என்னைக்குவே சொல் கேட்டுச்சு?"

"சொல் கேக்காது. கூடையைப் போட்டுக் கவுத்தினா கேக்கும்."

கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம். "டவுன்காரங்க கோழியைப் பாத்திருப்பாவளே?"

உச்சிமாகாளி கொஞ்சம் யோசித்தார். "பாத்திருக்கலாம். ஆனா பட்டியல்ல ஏறினதுக்கு அப்புறம் பாத்தாத்தான் செல்லும். முந்திப் பாத்தது செல்லாது."

கொம்பையா அம்மாளிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "யம்மா, பட்டியல்ல ஒண்ணு சேத்துக்கிடலாமா?"

அவனுக்கும் பறவை ஆசை வந்துவிட்டது என்று அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா சேத்துக்கோங்க தம்பி" என்று அட்டையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். உச்சிமாகாளி அடியில் 'கோழி' என்று எழுதினார்.

அன்றிலிருந்து மடைமாறிக்குளத்தில் கோழிகள் வெளியே தலைகாட்டவில்லை. வீட்டுக்கு வீடு கூடை கவிழ்ந்தது. கூடை போதாதவர்கள் அண்டாவைக் கவிழ்த்தார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற காரியம் என்று கொம்பையா வீடு வீடாகப் போய்ச் சொன்னதால் ஒருவரும் மறுக்கவில்லை. தங்கபுஷ்பம் மட்டும், "எனக்குன்னு வந்து வாய்ச்சுதே" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள்.

காலையில் தட்டில் அவித்த முட்டையைப் பார்த்துவிட்டு அம்மாள், "இந்த ஊர்ல ஒரு கோழிகூடக் காணோமே, முட்டை எப்படி?" என்று கேட்டார். கொம்பையா அடுப்படிக்கு ஓடினான். முட்டையைப் பார்ப்பது கோழியைப் பார்த்ததில் சேருமா என்று அவனுக்குத் தெரியவில்லை. உச்சிமாகாளியைக் கேட்டதற்கு, "அது இன்னும் கோழி ஆகலை. ஆனா அடிக்கடி காட்டாத" என்றார்.

விடியும்போது அண்டாவுக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. "கோழி கூவுதே தம்பி" என்றார் அம்மாள்.

"அது நயினார்ம்மா. அவனுக்கு அப்படி ஒரு பழக்கம்."

சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று அதன்பிறகு தினமும் விடியலில் நயினார் கூரைமேல் ஏறிக் கூவினான். அவன் தொண்டை கட்டிய அன்று உச்சிமாகாளி கூவினார்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் முற்பகலில் பூநாரைகள் வந்தன. நீளக் கால்களும் இளஞ்சிவப்புச் சிறகுமாகக் குளத்தின் நடுவில் வரிசையாக இறங்கின. அம்மாள் பைனாகுலரை எடுத்தார். இந்தத் தடவை மூவரும் தடுக்கவில்லை. கோழி பாக்கி இருக்கிற தைரியம். கொம்பையா ஓரமாக நின்று அம்மாளின் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கரண்டிவாயனையும் தடுக்காமல் பார்க்க விட்டிருக்கலாமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

அம்மாள் தாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல், குளத்தைப் பார்த்தபடியே டிக் போட்டுவிட்டுப் பூவரச மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கபுஷ்பத்தின் கருப்புக் கோழி கூடையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, குளத்தங்கரைக்கு நடைபோட்டது. நயினார் பாய்ந்தான், கிடைத்தது ஒரு இறகு. கோழி நேராக அம்மாளின் முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அம்மாளும் அதைப் பார்த்தார்.

"அட, கோழி" என்றார். வெயிலும் களைப்பும் சந்தோஷமும் சேர்ந்துகொள்ள, மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார்.

உச்சிமாகாளி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நயினார் சங்கு ஊதுகிறவரைக் கூப்பிட ஓடினான். கொம்பையா அம்மாளின் காலடியில் விழுந்து, "கூடைமேல ஒரு கல்லு வைக்காம விட்டுட்டேனே யம்மா, ஒரு கல்லு வைக்காம விட்டுட்டேனே" என்று விம்மினான்.

அம்மாள் கண்ணைத் திறந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்குத்தாம்மா. நீங்க போயிட்டிய" என்றார் உச்சிமாகாளி.

"எங்க போயிட்டேன்?"

கொம்பையா மூக்கைச் சிந்திவிட்டு, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னான். அம்மாள் அட்டையை எடுத்துப் பார்த்தார். பூநாரைக்குக் கீழே கோணல்மாணலாக 'கோழி' இருந்தது. தொப்பி கீழே விழும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றதும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க தம்பி. அவங்களே என்னை இப்படிப் பிடிச்சு வைக்கல" என்றார். பேனாவை எடுத்துக் கோழிக்கும் ஒரு டிக் போட்டார். மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது மூவருக்கும் சேர்த்து ஒரு வெள்ளைத்தாள் கொடுத்துவிட்டுப் போனார். "நீங்களும் பாக்க ஆசைப்படுற பறவைங்க பேரையெல்லாம் எழுதி வையுங்க. ஒரு நாள் கண்டிப்பா வரும்."

எழுதினார்கள். எங்கே வைப்பது என்பதில்தான் விவாதம்.

"எழுதி வச்சா வரும்னு சொன்னாவ. பெட்டிக்குள்ள வச்சா அதுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றான் நயினார்.

சரிதான் என்று குளக்கரைக் கருவேலமரத்தில், தண்ணீரைப் பார்த்தாற்போல ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"வடநாட்டுப் பறவைக்குத் தமிழ் தெரியுமா?" என்று கொம்பையா கவலைப்பட்டான்.

"வருஷா வருஷம் வருதுக. எழுத்துக் கூட்டவாவது பழகியிருக்கும்" என்றார் உச்சிமாகாளி.

முதலில் வந்தது ஒரு காக்கை. தாளுக்கு மேலே கிளையில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தது. நயினார் விரட்டக் கையை ஓங்கினான். கொம்பையா பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் வே. தன் பேரு இருக்கான்னு தேடுது. இல்லன்னா மனசு சங்கடப்படும்."

உச்சிமாகாளி தாளை இறக்கினார். முன்பக்கம் இடமில்லை. பின்பக்கத்தில் பெரிதாக 'காக்கா' என்று எழுதினார். கொம்பையா அதைத் திருப்பி, காக்கையின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"கா" என்றது காக்கை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "படிக்கு வே" என்றான் நயினார் மெதுவாக.

"முதல் எழுத்துதான் ஆகியிருக்கு. அவசரப்படுத்தாதிய" என்றார் உச்சிமாகாளி.

காக்கை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "கா" என்றது.

"ரெண்டாவது எழுத்துல தடுமாறுது பாவம். புள்ளி வச்ச ஒத்தெழுத்து வந்தா எனக்கும் அப்படித்தான்" என்றார் உச்சிமாகாளி. கருவேலமரத்தடிக்கு ஒரு அடி நெருங்கி, ஒரு குச்சியை எடுத்து அந்த எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"எங்க, என்கூடச் சொல்லு. இக்... காவன்னா... கா."