கூரைக்கு ஒரு நிறம்

“எங்கப்பா காரைப் போய் டாக்ஸின்னு எழுதிப்போட்டாங்க, அம்மணி. கேக்க ஆளில்லைன்னு நெனப்பா?”

நாச்சிமுத்து கொட்டகைக்குள் நுழைந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தார். கும்பிடுகூடப் போடவில்லை.

பூங்கோதை நிமிரவில்லை. டப்பாவில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் கோயமுத்தூரில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேச்சு. வயது நாற்பதுதான். கேட்டு வந்திருக்கும் நாச்சிமுத்துவுக்கோ அறுபத்திரண்டு. நூல் மில் முதலாளி. மில்லில் அவர் செருமினால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே ஒருத்தியும் திரும்பவில்லை.

அவர் ஒரு தாளை நீட்டினார். போன வாரம் நடந்த பழைய கார் போட்டியில் நடுவர்கள் மதிப்பெண் போட்ட தாள். முன்கண்ணாடிக்கு மேலிருந்த ரப்பரை ஒருவன் நகத்தால் நெம்பிப் பார்த்தானாம். உள்ளே மஞ்சள் தெரிந்ததாம். ‘நீலம் அசல் நிறமல்ல. மெட்ராஸில் மஞ்சள் கூரையோடு டாக்ஸியாக ஓடிய வண்டி’ என்று எழுதி, கைக்கு வந்த முதல் பரிசைப் பிடுங்கிக்கொண்டார்களாம்.

“எங்கப்பாவுக்கு மெட்ராஸ்ல கம்பெனி உத்தியோகம். நான் பொறந்த வருசம், நீலக் கலர்ல, புத்தம் புதுசா எடுத்துட்டு ஊருக்கு வந்தார். சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னார். அவர் என்ன பொய்யா சொன்னார்?”

பூங்கோதை தாளை வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“டாக்ஸின்னா குறைச்சலுங்களா?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கண்டவனும் ஏறி இறங்கின வண்டியையா எங்கள் வீட்டு வாசலில் அறுபது வருடம் நிறுத்தி வைத்திருந்தோம் என்று கத்தினார். அப்பா ராஜா மாதிரி ஓட்டினவர் என்றார். தெரியாதவன் ரோட்டோரம் கையைத் தூக்கினாலும் நிறுத்துவாராம். தானே இறங்கி, பெட்டியைக் கையிலிருந்து வாங்கி டிக்கியில் வைப்பாராம். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று அம்மா உள்ளேயிருந்து திட்டுவாளாம். அவர் காதில் விழவே விழாதாம்.

“ஒருத்தர்கிட்ட பத்துப் பைசா வாங்கினதில்லை. அந்த மனுசனா வாடகைக்கு ஓட்டினாரு?”

அவள் டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

“மூணு மாசத்துல அடுத்த போட்டி. அதே நீலந்தான் வேணும். அந்த மஞ்சள் எவன் நகத்துக்கும் சிக்கக் கூடாது. அதுக்கு எந்தப் பெயிண்ட், சொல்லுங்க.”

அவள் பெயிண்ட்டைத் தேய்த்தெடுக்கும் வாட்டர் பேப்பர் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து அவர் கையில் வைத்தாள். அவர் கொண்டுவந்து கொட்டகைக்குள் நிறுத்தியிருந்த காரின் கூரையைக் காட்டினாள்.

“தேயுங்க.”

“நானா?”

“உங்க கார்தானுங்களே.”

முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார். போட்டிக்காகப் போன மாதம் அடித்த நீலம் கரைந்து ஓடியது. அதன் கீழே இன்னொரு நீலம், வெளுத்தது, அவர் சின்ன வயதில் பார்த்தது.

“பாருங்க. நீலம். நான் சொல்லலை?”

“இன்னும் கொஞ்சம்.”

கை வலித்தது. திட்டிக்கொண்டே தேய்த்தார். ஒரு ரூபாய்க் காசளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது.

பேப்பரை வீசி எறிந்தார். கார் கம்பெனிக்காரன் ஏமாற்றியிருப்பான் என்றார். பழைய வண்டிக்கு மேலே நீலத்தை அடித்து அப்பாவின் தலையில் கட்டியிருப்பான், வெள்ளந்தி மனுஷனைப் பார்த்து.

பூங்கோதை துணியால் அந்த இடத்தைத் துடைத்தாள். மஞ்சளைச் சுற்றியிருந்த பழைய நீல வளையத்தில் விரலை வைத்தாள்.

குனிந்து பார்த்தார். பெயிண்ட்டுக்குள் ஒரு முடி புதைந்திருந்தது. கறுப்பாய், விறைப்பாய்.

“என்ன இது?”

“பிரஷ் முடிங்க. கார் கம்பெனியில ஸ்ப்ரேதான் அடிப்பாங்க. இது யாரோ உக்காந்து கையால அடிச்சது.”

“யாரு?”

அவள் காரின் முன்கதவைத் திறந்துவிட்டாள். அவர் முறைத்துக்கொண்டே ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். இதென்ன விளையாட்டு, நான் கேட்டது பெயிண்ட், என்றார்.

அவள் நீலப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நடந்தாள். இருபதடி தள்ளி, ரோட்டோரமாக நின்றாள். வெயில் கண்ணில் அடித்தது.

காரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள்.

நாச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

அவள் கையை இறக்கவில்லை.

கதவு திறந்தது. இறங்கினார். அவளிடம் நடந்து போனார். டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து, டிக்கியைத் திறந்து, உள்ளே வைத்து, மூடினார்.

பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“எங்கீங்க அம்மணி போகோணும்?”