கட்டிலான வடம்

கடலோரத்து வெண்மணற்குறிச்சியில் எழுந்தருளியிருக்கும் ஈசனின் தேருக்கு ஆண்டுதோறும் வடம் திரித்தவர் இளங்கூத்தர். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு, அடித்து, நாராக்கிக் கயிறு திரிப்பதே அவர் பிழைப்பு. அழுகல் நாற்றம் உடம்பைவிட்டுப் போகாது என்று கூசி, கோயிலுக்குள் நுழையாமல் கொடிமரம் தெரியும் தூரத்தில் தெருவிலேயே விழுந்து கும்பிடுவார். ராட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "சிவசிவ". அவருக்குத் தெரிந்த பூசை அவ்வளவுதான்.

கயிறு திரிக்க இருவர் வேண்டும். ஒருவர் ராட்டைச் சுற்ற, மற்றவர் இடுப்பில் நார்ப்பொதியைக் கட்டிக்கொண்டு, நாரை விட்டபடி பின்னால் பின்னால் நடக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் அப்படி நடந்தவர் அவர் மனைவி பூவணத்தாள். ஐயோ, அந்த அம்மையின் இடுப்பு என்னத்துக்கு ஆகும்! முதலில் குனிய முடியவில்லை. பிறகு வலி தொடையில் இறங்கிக் கால்விரல் வரை சுண்டி இழுத்தது. தை மாதத்தில் ஒருநாள் பாயைவிட்டு எழவே முடியாமல் போயிற்று.

வைத்தியர் தைலம் காய்ச்சிக் கொடுத்து, துணியை அதில் நனைத்து இடுப்பில் கட்டச் சொன்னார். இளங்கூத்தர் கட்டினார். கயிற்றுக்காரர் அல்லவா! இறுக்கினால்தான் உறுதி என்பது அவர் கை அறிந்த ஒரே பாடம். முழங்காலை ஊன்றி, முறுக்கி முறுக்கி இறுக்கினார். கணவர் மனம் நோகுமே என்று பூவணத்தாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் இடதுகால் மரத்துப்போயிற்று.

"மனுசி இடுப்புய்யா இது, தேர்வடமில்ல!" என்று வைத்தியர் கத்தினார். "இனி ஒரே வழிதான். தளர்வாப் பின்னின கயித்துக்கட்டில்ல நாப்பத்தெட்டு நாள் கெடக்கணும். தரையில விட்டீரோ, அப்புறம் எந்திரிக்கவே மாட்டா."

"என் கையாலயே உன் காலைக் கெடுத்துட்டேனே" என்று இளங்கூத்தர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அழுதா கால் வந்துருமா? கட்டிலப் பின்னுங்க" என்றார் பூவணத்தாள்.

எதைக் கொண்டு பின்னுவது? சொந்தக் கயிறெல்லாம் தைலத்துக்கு விற்றுப் போயிற்று. கழியில் கிடக்கும் மட்டை பதமாக இன்னும் மூன்று மாதம் ஆகும். வீட்டில் இருந்தது பங்குனித் தேருக்கென்று கோயில் கொடுத்த நாரில் திரித்த கயிறு மட்டுமே. சிவன் சொத்து. அதில் ஒரு பிசிறைக்கூடத் தமக்கென்று எடுத்தறியாதவர் அவர். தெருவில் போய்க் கொடிமரத்தைப் பார்த்து நின்றார்.

"அப்பனே, உன் கயித்த எடுக்கப் போறேன். தேர் நின்னா நீ பொறுத்துக்குவ. அவ இடுப்பு பொறுக்காது. தப்புன்னா என்னை அடி, அவளை விட்டுரு."

கட்டிலைப் பின்னினார். மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்தார், ஒத்தடம் கொடுத்தார், மலசலம் அள்ளினார், தலைவாரிப் பின்னலும் போட்டுவிட்டார். "பொண்டாட்டிக்கு மூத்திரம் அள்ளுற கையால சாமிக்கு வடமா?" என்று தெருவே சிரித்தது. அவர் வாயில் "சிவசிவ" மட்டுமே வந்தது. மரத்த காலில் மெல்ல உணர்ச்சி திரும்பியது.

நாற்பத்து மூன்றாம் நாள் தேரோட்டம். விடிந்ததும் கோயில் மணியக்காரர் ஆட்களோடு வந்து நின்றார்.

"நீ கொடுத்த வடம் பத்து முழம் குறையுதே, எங்கய்யா?"

"அதுலதான் அவ படுத்திருக்கா. எடுத்தது நான்தான்."

"சாமி சொத்துல பொண்டாட்டிக்குக் கட்டிலா! நீ உருப்படுவியா?"

"இன்னும் அஞ்சே நாள்யா. என் தோலை உரிச்சு வேணா வடம் திரிச்சுக்குங்க, அவள இறக்காதீங்க."

யார் கேட்டார்கள்! பூவணத்தாளைத் தூக்கித் தரையில் போட்டார்கள். அவர் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டது. கயிற்றை உருவிக்கொண்டு போனார்கள். இளங்கூத்தர் தரையில் உட்கார்ந்து, மனைவியின் இடுப்பு மண்ணில் படாதபடி இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தாங்கினார். விரல்கள் நீலம் பாரித்தன. கையை எடுக்கவில்லை.

அதே வேளையில் கோயிலில், தேரேறவிருந்த திருமேனிக்கு அபிஷேகம் செய்யக் குருக்கள் பட்டாடையைக் களைந்தார். களைந்தவர் அப்படியே பின்வாங்கினார். ஈசனின் முதுகு முழுவதும் கயிற்றுக்கட்டில் அழுந்திய தழும்பு! குப்பென்று தைல வாசனை. கயிறும் கையுமாக உள்ளே வந்த மணியக்காரர் பார்த்துக்கொண்டே நிற்க, திருவிடுப்பின் கீழே பத்து விரல்களின் தடம் ஒவ்வொன்றாகப் பதிந்தது.

மணியக்காரர் அந்தக் கயிற்றோடு தெருவில் விழுந்தடித்து ஓடினார். வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"கூத்தரே, சாமி உம்ம வீட்டுலல்லவா படுத்துக் கெடக்காரு! நாந்தான்யா அவரத் தரையில தள்ளிட்டேன்!"

இளங்கூத்தர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. "அவரு கிட்ட அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல கட்டிலப் பின்னணும், ஒரு பக்கம் பிடிங்கய்யா" என்றார்.

வலி முழுவதும் போயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து ஆறாம் நாள் பூவணத்தாள் எழுந்தார். ஆனால் இடதுகாலை இழுத்து இழுத்துத்தான் இறுதிவரை நடந்தார். நடந்த தூரமெல்லாம் கணவரின் தோள் உடன் போயிற்று. மனைவியின் நோவைத் தாங்கிய கையை ஈசன் தன் மேனியில் ஏந்திக்கொண்டான். அந்தப் பத்து விரல்களையும் நெஞ்சாரத் தொழுகிறேன்.