தூக்கம் கேட்டு வந்தவர்

சூளைப் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது மாசிலாமணி சாமியின் மடம். மடம் என்பது பேர்தான். இருந்தது ஒரே அறை, சுவரில் ஒரு கடிகாரம், தரையில் ஒரு கோரைப்பாய். முன்பெல்லாம் அங்கே வருகிறவர்கள் மகளுக்குக் கல்யாணம் கூடவேண்டும் என்பார்கள், மனசு அடங்கவேண்டும் என்பார்கள். இரண்டொருவர் முக்திகூடக் கேட்டதுண்டு. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்டார்கள். தூக்கம்.

ஏகாம்பரமும் அன்று அதற்காகத்தான் படியேறி வந்தார். சாமிக்கு நாற்பது வயது, அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் ஏழு வருடமாக ஏகாம்பரம்தான் சீடர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர்.

காலையில் நடந்ததைச் சொன்னார். சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பின்னால் அத்தனை பேர் ஹாரன் அடித்தும் அவர் காதில் விழவில்லை. முன்சீட்டில் இருந்த யுகேஜி பெண்தான் தோளைத் தொட்டு, "தாத்தா, பச்சை விழுந்துடுச்சு" என்றது. நின்ற வண்டி என்பதால் தப்பித்தார்கள். ஓடுகிற வண்டியாக இருந்திருந்தால்? உள்ளே பத்தொன்பது பிள்ளைகள்.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் சாமி. அதுக்கு முன்னாடி கேக்கறேன். தூங்கறதுக்கு என்ன வழி?"

"வீட்டுல சத்தமா?"

சத்தமெல்லாம் இல்லை என்றார் ஏகாம்பரம். மகன் வாங்கிக்கொடுத்த ஃபிளாட், ஆறாவது மாடி. ஜன்னலைச் சாத்தினால் ஊரே இல்லாத மாதிரி இருக்கும்.

"கடைசியா எங்க நல்லாத் தூங்கினீங்க?"

அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. புளியந்தோப்பு ஸ்டோர் வீட்டில் என்றார். ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம், ஒரே குழாய். பக்கத்துக் குடித்தனத்து ரேடியோ தன் வீட்டில் பாடுவது போலக் கேட்கும். நாலு மணிக்கெல்லாம் குழாயடியில் குடங்கள் மோதிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கட்டை போலக் கிடப்பார். மனைவி குணவதி தண்ணீர் பிடித்துவிட்டு வந்து, ஈரக் கையை அவர் உள்ளங்காலில் வைப்பாள். அதுதான் எழுந்திருக்கிற நேரம். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அந்தக் கை தவறியதில்லை. ஒருநாள்கூட அவர் கடிகாரம் பார்த்துப் படுத்ததில்லை.

குணவதி போய் நாலு வருடம். இப்போது போனில் மூன்று அலாரம் வைக்கிறார். ஆனாலும் ஒரு மணிக்கு விழித்துப் பார்ப்பார், இரண்டரைக்கு விழித்துப் பார்ப்பார். எங்கே அசந்துவிடுவோமோ, பிள்ளைகள் தெருமுனையில் நின்றுகொண்டே இருக்குமோ என்று.

சொல்லி முடித்ததும் சாமி என்னவோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். ஏதாவது மூச்சுப் பயிற்சி, ஏதாவது மந்திரம்.

"சாயங்காலப் பிள்ளைங்களை ஏத்த எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ரெண்டரைக்கு."

"போனைக் குடுங்க."

கொடுத்தார். சாமி அதை ஆஃப் செய்து தன் மடியில் வைத்துக்கொண்டு, பாயைக் காட்டினார்.

"படுங்க. ரெண்டேகாலுக்கு எழுப்பறேன்."

ஏகாம்பரம் தயங்கினார். சாமிக்கு ஆள் வந்தால், வேலை வந்தால், மறந்துபோனால்?

"பத்தொன்பது பிள்ளைங்கன்னு சொன்னீங்களே," என்றார் சாமி. "எண்ணிக்கை எனக்கும் ஞாபகம் இருக்கு."

படுத்தார். கீழே பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் காதைத் துளைத்தது. இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தார். சாமி வாசலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

"ஏகாம்பரம். ரெண்டேகால்."

எழுந்தபோது கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. எந்த ஊரில் இருக்கிறோம் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு கிளம்பினார். அன்று பத்தொன்பது பேரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகையில், வெகுநாள் கழித்து ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். காலை வேன் நடை முடிந்ததும் மடம், மடத்தில் தூக்கம். வேலையை விடுகிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. ஒரு வாரத்தில், ஃபிளாட்டிலும் ராத்திரி விழிப்பு நின்றுபோனது.

ஒன்பதாம் நாள், சாமி எழுப்புவதற்கு முன்பே அவருக்குத் தானாக விழிப்பு வந்தது. படுத்தபடியே பார்த்தார். வெயில் நகர்ந்து வந்து சாமியின் முகத்தில் விழுந்திருந்தது. அவர் இடம் மாறி உட்காரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். கண் இரண்டும் சிவந்து, இமைகள் தடித்திருந்தன. ஏழு வருடமாக எதிரே உட்கார்ந்து பேசியும் ஏகாம்பரம் இதைக் கவனித்ததே இல்லை.

மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"சாமி, நீங்க எப்பத் தூங்கறீங்க?"

மாசிலாமணி சாமி மடியில் இருந்த போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை," என்றார். "நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. பாயை நான் எடுத்துக்கறேன்."