கீழத்தெருப் பத்தியம்

"ரெண்டு தெருவுக்கும் ஒரே மருந்தைத்தான் குடுக்கேன் வைத்தியரம்மா. மேலத்தெருவுல எழுபது வயசுலயும் கைவீசி நடக்காங்க. கீழத்தெருவுல நாப்பதுலயே கம்பு ஊணுதாங்க. ஏன்?"

கேட்டவர் தளவாய். உலகம்மாளிடம் வைத்தியம் படிக்கும் சீடர். குருவைவிட வயதில் மூத்தவர், ஆனால் ஆர்வக்கோளாறு.

சுடலைமணிக்கு என்ன பத்தியம் சொன்னீர்கள் என்று கேட்டாள் உலகம்மாள்.

சுடலைமணி கீழத்தெருக்காரன், உப்பளத்தில் வேலை செய்பவன். காலெல்லாம் புண். ஆறும்வரை உப்புத் தண்ணீரில் இறங்காதே, வெயிலில் நிற்காதே என்று சொன்னாராம் தளவாய். மறுநாளே உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டானாம், சொல்பேச்சுக் கேட்காத ஜென்மம்.

"இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்," என்றார்.

உலகம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தளவாய் பின்னாலேயே ஓடினார்.

உப்பளத்துக்குப் போனதும் சுடலைமணியின் கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் பிடுங்கினாள். அவனைக் கொட்டகை நிழலில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாதே என்று அழாத குறையாகச் சொன்னான் அவன்.

"உன் வேலையை இவரு பாப்பாரு," என்று பலகையைத் தளவாயிடம் நீட்டினாள்.

மதியத்துக்குள் தளவாய்க்கு நாக்குத் தள்ளிவிட்டது. பாதம் எரிந்த எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து உப்பள முதலாளி சண்முகவேல் காரில் வந்து இறங்கினார். மேலத்தெருக்காரர். வருஷா வருஷம் தளவாயிடம் லேகியம் சாப்பிடுகிற மனுஷன். பத்தியம் என்று சொல்லிவிட்டால் மகன் கல்யாணத்தில்கூடக் கஞ்சிதான் குடிப்பார். லேகியம் தயாரா என்று கேட்டார்.

தளவாய் சட்டென்று நிமிர்ந்தார். தன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது.

"தயார் முதலாளி. பத்தியந்தான் இந்த வருசம் கொஞ்சம் கடுசு."

"சொல்லுங்க. என்னைக்கு மீறியிருக்கேன்?"

"சுடலைமணி புண்ணு ஆறுத வரைக்கும் கூலியோட நிழல்ல இருக்கணும். மத்தவங்க காலுக்கெல்லாம் பூட்ஸ் போடணும். அவங்க பத்தியம் முறிஞ்சா, உங்களுக்கு லேகியம் கிடையாது."

இப்படியும் ஒரு பத்தியம் உண்டா என்று முதலாளி உலகம்மாளைக் கேட்டார்.

"வைத்தியர் சொல்லியாச்சு," என்றாள் அவள்.

முதலாளியைக் கண்ட பயத்தில் சுடலைமணி எழுந்து பாத்தியைப் பார்த்து நடந்தான்.

முதலாளி பதறிப்போனார்.

"ஏய், உக்காருடே. தண்ணியில காலை வைக்காத."