பெயரைத் திருப்பிக் கொடுத்த அரசர்

"நான் தப்பாகத்தான் சொல்லப்போறேன், குருவே. பார்த்துக்கிட்டே இருங்க."

லியென் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மலையடிவாரக் கோயிலில், அங்கே தெய்வமாக இருக்கும் பழைய சீன அரசரின் கதையை வருகிறவர்களுக்குச் சொல்வது அவள் வேலை.

குரு ஜிங்ஷின் அவளைவிட இளையவள். மொட்டைத் தலை. வாய் நிறைய தர்பூசணி விதை.

"இன்னைக்கு என்ன புதுக் கவலை, அக்கா?"

"கதை கேட்க அதிகாரி வர்றாராம். அரசர் பெயரை வாய்விட்டுச் சொன்னா பிரம்படி. நம்ம அரசர் பெயரோ..." வானத்தைக் காட்டினாள்.

"மழை," என்றாள் குரு.

"ஐயோ, மெதுவா!"

"அவர்தான் அந்தப் பெயரை விட்டுட்டாரே. அதுதானே கதை?"

அதுதான் கதை. அவர் பட்டமேறிய அன்றே அந்தச் சொல்லுக்குத் தடை வந்தது. முற்றத்தில் தினை காய்ந்துகொண்டிருக்க, "மழை வருது!" என்று கத்திவிட்டாள் ஒரு வீட்டு மருமகள். காவலர்கள் அவளைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

அரசர் தானே கட்டை அவிழ்த்தார்.

"தினை நனைஞ்சுதா, தாயே?" என்று கேட்டார்.

அன்றைக்கே, யார் பேச்சிலும் வராத ஓர் அபூர்வச் சொல்லைத் தன் பெயராக வைத்துக்கொண்டார். பழையதை ஜனங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"விட்ட பெயரும் பெயர்தான்னு அதிகாரி சொல்லிட்டா? என் முதுகு தாங்குமா? சொல்லாம விட்டா கதையே இல்லை."

குரு விதைத் தோலைத் துப்பினாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"எனக்கு உயிர் போகுது. உங்களுக்கு இப்பதான் பெருக்கணுமா?"

அதிகாரி வந்தார். புதுப் பட்டு அங்கி. முற்றத்தில் கூட்டத்துக்கு முன்னால் அமர்ந்தார்.

லியென் தொடங்கினாள். "அரசருக்குத் தாய் வைத்த பெயர்... அது வந்து... மேலேயிருந்து விழுமே..."

"என்ன, காக்கை எச்சமா?"

கூட்டம் சிரித்தது.

அதிகாரிக்குப் பின்னால், தொட்டித் தண்ணீரில் துடைப்பத்தை முக்கிக்கொண்டிருந்தாள் குரு. அவர் தலைக்கு மேலே ஓர் உதறு உதறினாள்.

அதிகாரி துள்ளி எழுந்தார்.

"ஐயோ, மழை! என் பட்டு! மழை, மழை!"

சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருடைய காவலன் தன் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

லியென் எழுந்து போனாள். தன் சட்டைக் கையால் அவர் தோளை ஒற்றினாள்.

"பட்டு நனைஞ்சுதா, ஐயா?"

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"மேலே சொல்லும்மா."

சொன்னாள். இன்றும் சொல்கிறாள். ஆனாலும் எதற்கு வம்பு என்று, அந்த இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். உள்ளங்கையை வானத்துக்கு நீட்டிக் காத்திருப்பாள்.

கூட்டம் முழுவதும் சேர்ந்து சொல்லும்.