கடன் மேனேஜர் நாற்காலி

ஈரோட்டில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. அதன் சேர்மன் அவிநாசியப்பனுக்கு, தன்னைவிடப் பெரிய மனிதர் அந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைப்பு. அங்கே பதினெட்டு வருஷமாகக் கிளார்க்காக இருந்த ரங்கநாயகி, கடன் மேனேஜர் பதவிக்கு மனுப் போட்டாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட மூன்று ஆண்கள் ஏற்கெனவே மேனேஜராகிவிட்டிருந்தார்கள்.

டைரக்டர்கள் முன்னால் அவளை நிற்கவைத்துச் சேர்மன் சிரித்தார்.

“பெரிய மனுஷன் வந்து கடன் கேட்டாலும், மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லோணும் அம்மிணி. பொம்பளைக்கு அந்தத் தைரியம் வருமா? இப்பவே, இங்கயே சொல்லிக் காட்டு. வேலை உனக்குத்தான்.”

“இங்க யாருகிட்டங்க சொல்றது?”

“பாத்தியா, ஆகலையில்ல? மனுவை வாபஸ் வாங்கிட்டுப் போ.”

ரங்கநாயகி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “முடியாதுங்க.”

சேர்மன் மேஜையைத் தட்டினார். “யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?”

“பெரிய மனுஷருகிட்டத்தானுங்க. இல்லீன்னா சொல்லுங்க, வேற ஆளுகிட்டச் சொல்லிக் காட்டறேன்.”

டைரக்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சேர்மனையே பார்த்தார்கள். அவள் தோற்றாள் என்று சொன்னால், தான் பெரிய மனிதர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த நஷ்டத்துக்கு அவிநாசியப்பன் தயாராக இல்லை. பேனாவைத் திறந்து அவளுடைய நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.